நான்காவதாக நீந்த வேண்டியவள்

பிப்ரவரி 9

தம்பி,

மூன்று வாரமாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு முறை மணி அடித்து அறுந்துவிடுகிறது. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணிடம் போனைக் காட்டினேன். "மேடம், அவங்க உங்களை பிளாக் பண்ணிட்டாங்க" என்று, யாரோ தவறிப்போன செய்தியைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

போட்டி அன்றைக்கு நீ பார்வையாளர் காலரியில் இருந்தாய். நான் கீழே தண்ணீர் ஓரத்தில் இருந்தேன். எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீச்சல் ரிலேயில் நாலு பெண்கள், ஆளுக்கு நூறு மீட்டர். காலையிலேயே பெயர்ப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது. உன் மகளுக்குச் சில்லு என்று செல்லப்பெயர் வைத்தவளும் நான்தான், அவளை நான்காவதாகப் போட்டவளும் நான்தான். போட்டிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளிடம் போய், "நீ இறங்க வேண்டாம்" என்றேன். அவள் இடத்தில், மாற்று ஆளாக வைத்திருந்த அந்த நெட்டைப் பெண்ணை இறக்கினேன். பட்டியல் கொடுத்த பிறகு ஆளை மாற்ற வேண்டுமென்றால், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. தோள்பட்டை வலி என்று எழுதினேன். போட்டி மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்று கையெழுத்துப் போட்டார். ஒரே வேலையில் பதினெட்டு வருடம் இருந்து ஜெயித்துக்கொண்டிருந்தால் இப்படி ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது.

ஜெயித்தோம். பதினோராவது கோப்பை. அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் காலரியில் உங்கள் இரண்டு இருக்கையும் காலி. உடை மாற்றும் அறையில் சில்லுவும் இல்லை.

இங்கே எனக்குப் பாராட்டு விழா வைக்கப் போகிறார்களாம். விழா மலருக்கு "என் வெற்றியின் ரகசியம்" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி கல்லூரி முதல்வர் துரத்துகிறார். நான்கு முறை உட்கார்ந்தேன். முதல் வரி எழுதியதும் சில்லுவின் ஞாபகம் வந்து பேனா நின்றுவிடுகிறது.

ஏன் மாற்றினாய் என்று நீ கேட்பாய். அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். தோள்பட்டை வலி இல்லை, அது எனக்குத் தெரியும். வேறு என்ன காரணம் என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

பிள்ளை எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. என் மனைவி கையில் கிடைத்துவிட்டது. அவள் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாலாவது மாடியில் நிற்க வேண்டிய லிஃப்ட் நிற்காமல் ஐந்துக்குப் போனால், ஏன் போனது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "எனக்கே தெரியவில்லை" என்று எழுதினால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உனக்கு விழா எடுக்கிறார்கள். நல்ல வேலையாகத்தான் பார்த்துச் சேர்ந்திருக்கிறாய்.

காலரியில் என்ன நடந்தது என்று நீயும் தெரிந்துகொள். பக்கத்து இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது. அவரிடம், "அதோ நாலாவதா நிக்கப் போறது என் பொண்ணு சார்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சந்தோஷப்பட்டு எனக்குக் கடலை கொடுத்தார். வாயில் கடலையோடு இருக்கும்போது ஒலிபெருக்கியில், "காயம் காரணமாக" என்று வேறு பெயர் சொல்கிறார்கள். காயம் என்று கேட்டதும் என் மனைவி ஒரு காலில் செருப்பு இல்லாமல் படிகளில் ஓடினாள். கீழே போய்ப் பார்த்தால் சில்லு துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தோளைப் பிடித்துப் பார்த்தேன். "வலிக்குதாடா?" "இல்லப்பா." "இங்கே?" "எங்கேயும் வலிக்கலப்பா, வீட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான் பேசினாள். அன்றையிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

உனக்குக் காரணம் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். தம்பி மகளை இறக்கிக் கோப்பை வாங்கிவிட்டாள் என்று நாளைக்கு ஒருவரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது. உன் பெயருக்கு அழுக்கு ஒட்டக் கூடாது. அதற்கு என் பிள்ளையைத் துடைப்பமாக்கிவிட்டாய்.

நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் குளத்தில் என்ன இருந்தது? பாசி இருந்தது, தவளை இருந்தது. பம்ப் ஓடவில்லை. நான் அப்போது அப்ரெண்டிஸ். ஆறு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, அந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டு ஓட வைத்துக் கொடுத்தேன். விழா மலரில் அதை எழுது.

இன்னொன்று. போட்டிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். என் மகளுக்குத் தோள்பட்டையில் ஒரு வலியும் இல்லை, கோச் எழுதிக் கொடுத்தது பொய் என்று. நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல். உன் கடிகாரப்படி யார் வேகம்? சில்லுவா, அந்த நெட்டையா?

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

சில்லு. கடைசி மூன்று சோதனையிலும் சில்லுதான். கிட்டத்தட்ட ஒரு வினாடி முன்னால்.

போட்டிக் குழுவிலிருந்து எனக்கு ஓலை வந்துவிட்டது. மார்ச் இருபத்தாறு விசாரணை. எழுதியது தப்பு என்று உன்னைச் சொல்ல மாட்டேன். நீ எழுதியதில் பொய் இல்லை.

பம்ப்பை நான் மறக்கவில்லை. அந்த முதல் வருடம் ஆறு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்திக்குத் தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே பயம், இன்னொருத்தி ஆங்கில வகுப்பிலிருந்து தப்பிப்பதற்காக வந்தவள். எனக்கு யாரும் கோச் வேலை சொல்லித் தரவில்லை. உடற்பயிற்சித் துறை உதவியாளராக எடுத்தார்கள், குளம் சும்மா கிடக்கிறதே என்று என் தலையில் கட்டினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் எத்தனை வினாடி என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மறுநாள் அதைவிடக் குறைய வேண்டும். அவ்வளவுதான் என் வித்தை. நாலு வருடம் தோற்றோம். ஐந்தாவது வருடம் முதல் கோப்பை. அப்புறம் மற்ற கல்லூரிக்காரர்கள் வந்து நான் எப்படிச் சொல்லித் தருகிறேன் என்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னைக் "கடிகாரம்" என்று சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. சிபாரிசு கிடையாது, முகதாட்சண்யம் கிடையாது. ஒரு முறை, ஒருத்தி தன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, அழுதுகொண்டே நீந்திக் காட்டினாள். அடுத்தவளைவிடப் பத்தில் இரண்டு பங்கு வினாடி அதிகம். அவளை அணியில் எடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் நான். சில்லு விஷயத்தில்தான் முதல் முறையாகக் கடிகாரத்துக்கு எதிராக ஒரு காரியம் செய்தேன்.

நடந்ததை மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்க்கிறேன். சில்லு பெஞ்சில் உட்கார்ந்து தலைக்கு நீச்சல் தொப்பி மாட்டினாள். கழற்றினாள். மாட்டினாள். கழற்றினாள். நாலாவது முறை மாட்டும்போது என் கால் தானாக அவளிடம் போயிற்று. "நீ இறங்க வேண்டாம்" என்று சொன்னது என் வாய்தான், ஆனால் அதை நான் முடிவு செய்த ஞாபகம் இல்லை. அவள் "சரி அத்தை" என்றாள். குளத்தில் அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டதே இல்லை, எப்போதும் மேடம்தான். முகம் எப்படி இருந்தது என்று நீ கேட்டால், தெரியாது. அதற்குள் நான் நெட்டையைத் தேடத் திரும்பிவிட்டேன்.

அவள் பயந்தாள் என்று நினைத்து இழுத்தேனா? அல்லது நான் பயந்தேனா? ஊர் வாய்க்குப் பயந்தாய் என்கிறாய். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதுவும் இருந்திருக்கலாம்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கோபமாக இருந்தபோது கடிதம் எழுதச் சுலபமாக இருந்தது.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சில்லு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொப்பி கதையைப் படித்துவிட்டுச் சிரித்தாளாம், என் மனைவி சொன்னாள். ஒன்றரை மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் அது அழுகையாகிவிட்டது.

"அப்பா, எனக்கு அன்னைக்கு இறங்கவே பிடிக்கல" என்றாள்.

"என்னடா சொல்ற?"

"டிசம்பர்லேருந்தே பிடிக்கல. தினமும் பிராக்டிஸுக்கு முன்னாடி வாந்தி எடுத்துட்டுத்தான் போவேன். அத்தை ரூமுக்குப் போய்ச் சொன்னேன். எனக்கு நீச்சல் வேணாம், நிறுத்திக்கிறேன்னு. அவங்க நோட்டுல எழுதிக்கிட்டே, 'முதல்ல நூறு மீட்டர் எட்டு தடவை போடு, அப்புறம் பேசலாம்'னாங்க. போட்டேன். அப்புறம் பேசல."

"போட்டி அன்னைக்கு?"

"கரண்ட் போயிடணும், குளத்துல விரிசல் விட்டுடணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். அத்தை வந்து இறங்க வேணாம்னாங்க. அப்பதான்பா எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரிஞ்சுது."

அப்புறம் ஏனடி இந்த ஒன்றரை மாதம் வீட்டை இழவு வீடாக்கினாய் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் சந்தோஷமா இருந்தேன்பா. நீங்க பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதீங்க. எனக்கு சந்தோஷமா இருக்குன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

இப்போது நான் யார் மேல் கோபப்படுவது? உன் மேல் படலாம் என்றால், நீ செய்தது அவளுக்கு நல்லதாகிவிட்டது. சரி, மன்னித்துவிடலாம் என்றால், டிசம்பரில் பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மேல் படலாம் என்றால் நான் அழுததைப் பார்த்துத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். என் மனைவியிடம் கேட்டேன். "உங்க குடும்பத்துல யாருக்கும் வாயத் திறந்து பேசத் தெரியாது, கடிதாசி வேற ஒரு கேடு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

போட்டிக் குழுவுக்குப் போன் செய்து என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பதிவாகிவிட்டதாம், கொடுக்க மாட்டார்களாம்.

உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. பேசினால் கத்திவிடுவேன். எழுதினால்தான் எனக்கு நிதானம் வருகிறது.

டிசம்பரில் அவள் வந்து சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லையா?

தம்பி


மார்ச் 13

தம்பி,

வந்தது ஞாபகம் இருக்கிறது. சொன்னது ஞாபகம் இல்லை. விடுப்பு கேட்டு வந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்ததும் டிசம்பர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதியில் அவள் பெயருக்கு நேரே, எட்டு நூறுக்கும் நேரம் எழுதி, கடைசியில் "நன்று" என்று போட்டிருக்கிறேன். வாந்தி எடுத்த பிள்ளை நன்றாக நீந்தியிருக்கிறாள். பிறகு மற்ற நோட்டுகளையும் இறக்கினேன். பதினெட்டு வருடம், அலமாரியில் இரண்டு தட்டு. எல்லாப் பக்கத்திலும் எண்கள். யார் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. எத்தனை பேர் என் அறைக்கு வந்து இதையே சொல்லியிருப்பார்கள்?

மனசு கேட்காமல், முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தவளுக்குப் போன் செய்தேன். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பல் டாக்டர். "உனக்கு எப்பவாவது நிறுத்திடணும்னு தோணிச்சா?" என்றேன்.

"தினமும் மேடம்" என்று சிரித்தாள்.

"அப்போ நான் நிறுத்த விட்டிருக்கணுமா?"

"ஐயோ, விட்டிருந்தா உங்களை ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள். போனை வைக்கப் போகும்போது, "ஆனா என் பொண்ணை நான் நீச்சல்ல சேர்க்கல மேடம்" என்றாள்.

இதிலிருந்து நான் என்ன எடுத்துக்கொள்வது? நீயே சொல்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிட வேண்டும். நான் செய்தது அவளுக்கு நல்லதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளையின் மனசைப் படித்து நான்தான் காப்பாற்றினேன் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அந்த நினைப்போடு ஒரு காபி குடித்தேன். குடித்து முடித்ததும் ஞாபகம் வந்தது. தொப்பியை நாலாவது முறை அவள் மாட்டும்போது எனக்கு மனசில் ஓடியது, "இவ இன்னைக்குக் கவிழ்த்துடுவா" என்பதுதான். ஐயோ பாவம் என்று இல்லை. அவளை எனக்காகத்தான் எடுத்தேன், அவளுக்காக எடுக்கவில்லை. இது மட்டும் உறுதி. ஊர் வாய் பற்றிய பயம் எத்தனை பங்கு, தோல்வி பயம் எத்தனை பங்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

விசாரணைக்கு இன்னும் பதின்மூன்று நாள். முதல்வர் கூப்பிட்டுப் பேசினார். "ஒரு தோள்பட்டைதானே மேடம். வலிச்சிருக்கலாம்ல? வலி இல்லைன்னு யாரால நிரூபிக்க முடியும்?" என்கிறார்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

முதல்வர் சொன்னதை விடு. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். வாந்தி உண்மை. உடம்பு சரியில்லாமல் இருந்ததும் உண்மை. தோள்பட்டை என்று எழுதியது மட்டும்தான் தப்பு. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொல். சில்லு வந்து சாட்சி சொல்கிறேன் என்கிறாள். நானும் வருகிறேன், விவரம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்கிறேன். கோப்பை பிழைக்கும், உன் விழாவும் நடக்கும். இதில் பொய் எங்கே இருக்கிறது?

உடனே பதில் போடு. விடுப்பு சொல்ல வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

பதில் போடாததற்குத் திட்டாதே. போட்டிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். வந்திருந்தால் நான் நீ சொன்னதையே சொல்லியிருப்பேன்.

நீளமான மேஜை, எதிரே மூன்று பேர், நடுவில் தண்ணீர் ஜாடி. தலைவர், "உங்க மேல எங்களுக்கு சந்தேகமே இல்லை மேடம், ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிடலாம்" என்றார். சொன்னேன். தோள்பட்டை வலி இல்லை. உடம்பு சரியில்லாமல் இருந்தது, ஆனால் எழுதும்போது அது எனக்குத் தெரியாது. தெரியாததைக் காரணமாகக் காட்ட முடியாது. தலைவர் பேனாவை மூடினார், திறந்தார். "அப்போ ஏன் மாத்தினீங்க?" என்றார். எனக்காகத்தான் மாற்றினேன், எந்தப் பயம் எத்தனை பங்கு என்று தெரியாது என்றேன்.

கோப்பை இரண்டாவது வந்த கல்லூரிக்குப் போகிறது. எனக்கு ஒரு வருடம் தடை. விழா இல்லை. முதல்வர் என்னைக் கண்டால் வேறு வராந்தாவில் திரும்பிவிடுகிறார்.

சரியானதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வரும் என எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நாலு பெண்களும் பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும். மூன்று பேர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நேற்று மத்தியானம் நெட்டை என் வீட்டுக்கே வந்தாள். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, பதக்கத்தை மேஜையில் வைத்தாள்.

"மேடம், அன்னைக்கு நான் நீந்தினது பொய்யா?"

"இல்லம்மா."

"என் வாழ்க்கையிலேயே நல்லா நீந்தின நாள் அது. தெரியுமில்ல?"

"தெரியும்." தெரியும்தான். நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"அப்போ இதை நான் ஏன் திருப்பித் தரணும்?"

இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு எண் தயாராக இருக்கும். நேற்று ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க தெரியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல மேடம்" என்றாள். கோபமா, இரக்கமா, என்னால் பிரிக்க முடியவில்லை. போகும்போது, "நாளைக்குப் பிராக்டிஸ் உண்டா?" என்றாள்.

"எனக்குத்தான் ஒரு வருஷம் தடையாச்சே."

"உங்களைக் கேக்கல. எனக்கு உண்டான்னு கேட்டேன்."

உண்டு என்றேன். குளத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

வாசலில் நின்று சில்லுவின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

ஒரு வருடம் தடை என்றதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் போட்ட தபால்தான் இவ்வளவுக்கும் ஆரம்பம். மன்னிப்புக் கேட்கலாம் என்று தாளை எடுத்தேன். ஆனால் எதற்கென்று கேட்பது? உண்மையைச் சொன்னதற்கா? அதனால் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

சில்லு அடுத்த வாரம் கல்லூரிக்குத் திரும்புகிறாள். படிக்க மட்டும்தான், தண்ணீர்ப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். விடுதி வேண்டாமாம், உன் வீட்டில் தங்குகிறாளாம். உன்னைக் கேட்டாளா என்றால், "அத்தைகிட்ட கேக்கணுமா என்ன?" என்கிறாள்.

நெட்டை இன்று கூப்பிட்டாள். ஒரு மணி நேரமாகப் போகிறது. சில்லு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக முதுகு மட்டும்தான் தெரிகிறது. தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெண் திட்டுகிறாளோ என்று ஒரு முறை எழுந்து போனேன். கைப்பிடி வரைக்கும் கை போயிற்று. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கூடாது என்று தலையாட்டினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன். கதவு இன்னும் திறக்கவில்லை.

தம்பி